உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும்

எங்கள் மாவட்டத்தில் படிக்காதவரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அறிவாளியைத் தேடிப் பிடிப்பதும் அதே அளவு கஷ்டம் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. நானும் முதுகலைப் பட்டதாரி என்பதால் வந்த தாமதம். குலசேகரத்துக்குப் பக்கத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே கிடக்கும் எங்கள் ஊரில் எந்த வீட்டுக் கேட்டைத் திறப்பதற்கு முன்பும் மதிலில் பதித்த கருங்கல் பலகையை வாசித்தாக வேண்டும். அப்பா, அம்மா, பிள்ளைகள், மருமக்கள் என்று எல்லோருடைய பட்டங்களும் அதில் பொன்னெழுத்தில் இருக்கும். என் வீட்டிலும் பலகை உண்டு. கல் கொத்தியவர் என் பட்டத்துக்குப் பிறகு ஒரு காற்புள்ளியைக் கூடுதலாகக் கொத்திவிட்டார். அடுத்த பட்டத்துக்கு நான் இடம் போட்டு வைத்திருக்கிறேன் என்று ஊரில் ஒரு மரியாதை. நானும் அதைத் திருத்தவில்லை.

இந்தப் பட்டதாரிகள் கூடி நடத்துவதுதான் எங்கள் நற்பணி மன்றம். சுதந்திர தினத்தன்று கொடியேற்றுவோம், பேசுவோம், பேசியதையே இன்னொருவரை விட்டுப் பேச வைப்போம், பிறகு பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டி. முதல் பரிசு பெரிய பிளாஸ்டிக் பேசின். இரண்டாம் பரிசு சின்ன பேசின். மூன்றாவதாக வருபவருக்கு சோப்பு டப்பா. மனிதர்களைத் தரம் பிரிப்பதில் எங்களுக்கு இருக்கும் தெளிவு வேறு எதிலும் கிடையாது. ஆகஸ்ட் மாதம் என்பதால் வளைகுடா நாடுகளில் படிக்கும் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்திருப்பார்கள். அவர்கள் ஓடவும், அதை அம்மாமார் வீடியோ எடுக்கவும்தான் உண்மையில் விழா. சுதந்திரம் ஒரு சாக்கு.

நான் நிரந்தர நடுவர். பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதுகிறவன் என்பது ஒரு காரணம். ஊரில் யாரும் அதைப் படித்ததில்லை, ஆகவே மரியாதைக்குக் குறைவு வந்ததில்லை. என் பிள்ளைகள் பெங்களூரிலிருந்து இந்தக் கூத்துக்கு ஒருநாளும் வரமாட்டார்கள், அதனால் பாரபட்சம் பார்க்க வழியில்லை என்பது இன்னொரு காரணம்.

நான் சொல்லவரும் விழாவுக்கு முந்தைய வருடம் ஒரு அசம்பாவிதம் நடந்துவிட்டது. ஓட்டம், எலுமிச்சம்பழம், நாற்காலி சுற்றுதல் என்று எல்லாவற்றிலும் ஒரே பெண் பெரிய பேசின்களை வாங்கி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மன்றத் தலைவரின் தோட்டத்தில் ரப்பர் வெட்டும் தம்பதியின் மூத்த மகள் அவள். நடை பழகாத வயதில் ஜார்க்கண்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷின் புரையை, அதாவது கொட்டகையை, ஒட்டிய ஒற்றை அறையில் வளர்ந்தாள். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் அகரம் தொடங்கி, விழா நடந்த வருடம் பிளஸ் ஒன் வந்து, அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிளும் வாங்கியிருந்தாள். வாயைத் திறந்தால் எங்கள் பக்கத்து ராகம் முழுதாக வரும். என் மகளுக்கு அந்த ராகம் போய்விட்டது. சென்னைக் கல்லூரித் தோழிகள் சிரித்தார்கள் என்று கழற்றி வைத்துவிட்டாள்.

மன்றத் தலைவர் அதே பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை சார் என்றுதான் கூப்பிடும். பள்ளியைக் காப்பாற்றப் பாடுபட்டவர். அதைவிட அதிகமாக, பள்ளியிடமிருந்து தன் பிள்ளைகளைக் காப்பாற்றப் பாடுபட்டவர். அவர்கள் நாகர்கோவிலில் ஆங்கிலப் பள்ளியில் படித்து, ஒருவர் ஷார்ஜாவிலும் ஒருவர் கனடாவிலும் இருக்கிறார்கள். மன்றத்தின் மற்ற உறுப்பினர்களும் அந்தப் பள்ளியில் படித்து ஆளானவர்கள், இல்லையென்றால் படிப்பித்துச் சம்பளம் வாங்கியவர்கள். ஒருவர் வீட்டுப் பிள்ளையும் அங்கே படிக்கவில்லை. இன்றைக்கு அந்த வகுப்புகளில் தலை தெரிவதே ரப்பர் வெட்டவும் செங்கல் சுமக்கவும் வந்தவர்களின் பிள்ளைகளால்தான். அவர்களும் வராவிட்டால் கேட்டுக்குப் பூட்டு. பள்ளியின் மேல் எங்களுக்குப் பாசம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பழைய மாணவர் சந்திப்பில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு அழுவோம்.

பேசின்கள் போன விஷயம் மன்றத்தின் வாட்ஸப் குழுவில் ஒரு வருடமாகப் புகைந்துகொண்டிருந்தது. வருஷத்துக்கு ஒருதரம் வருகிற எங்கள் பிள்ளைகள் தோற்றுவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டுமா என்று வளைகுடாத் தாய்மார் கேட்டார்கள். தன் மகனின் தன்னம்பிக்கைக்கு விழுந்த அடியைப் பற்றி ஒருத்தி நீளமான குரல் பதிவு அனுப்பினாள். பையன் சோப்பு டப்பா வாங்கியவன்.

ஆகவே விழாவுக்கு முன்னால் என் வீட்டு வராந்தாவில் மன்றக் கூட்டம் கூடியது. நோட்டீசில் "போட்டிகள் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும்" என்று சேர்ப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. உள்ளூர் என்றால் என்ன என்பதில்தான் எங்கள் படிப்பு குறுக்கே வந்தது. இங்கே குடியிருப்பவர்கள் என்று ஒருவர் சொன்னார். அப்படியானால் ஷார்ஜாக்காரர்கள் வெளியே, ரப்பர் வெட்டுகிறவன் மகள் உள்ளே. இங்கே பிறந்தவர்கள் என்று வைத்தால் அந்தப் பெண் தொலைந்தாள். ஆனால் பேரப்பிள்ளைகள் எல்லோரும் பாலைவனத்து ஆஸ்பத்திரிகளில் பிறந்தவர்கள். இங்கே படிக்கிறவர்கள் என்றால் நிலைமை இன்னும் மோசம், பேசின் மொத்தமும் ராஞ்சிக்கே போய்விடும். தாய்மொழி என்று ஒரு தமிழாசிரியர் உணர்ச்சிவசப்பட்டு ஆரம்பித்தார். போன வருடம் அவருடைய பேரன் கொடி வணக்கத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்து வாசித்தது நினைவுக்கு வந்து அவரே உட்கார்ந்துவிட்டார். எந்த வாசலைத் திறந்தாலும் அந்தப் பெண் உள்ளே நின்றாள். எங்கள் பிள்ளைகள் வெளியே நின்றார்கள்.

கடைசியில் தலைவர்தான் வழி கண்டுபிடித்தார்.

"விளைப்பேரு கேளுங்க. சொல்ல முடிஞ்சா ஊருக்காரன். சொல்ல முடியல்லேன்னா இல்ல. அவ்வளவுதான்."

வெளியூர்க்காரர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் விளை என்றால் வயல் அல்லாத மேட்டுத் தோட்டம். ஒவ்வொரு விளைக்கும் பெயர் உண்டு, அதில் இருக்கும் குடும்பத்துக்கும் அதே பெயர்தான். மற்ற ஊர்களில் தலைப்பெழுத்து செய்யும் வேலையை இங்கே விளை செய்கிறது. கல்யாணப் பத்திரிகையிலும் கல்லறையிலும் மைக்கிலும் முதலில் விளைப்பெயர் வரும், மனிதன் பின்னால் வருவான். விளையைச் சொன்னால் போதும். என்ன சாதி, எந்தச் சபை அல்லது எந்தக் கோயில், தாத்தா குடித்தாரா என்பது வரைக்கும் கேட்பவருக்கு விளங்கிவிடும். யாரையும் வாய்விட்டு ஒன்றும் கேட்காமலே எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள நாகரிகமானவர்கள் கண்டுபிடித்த முறை இது. தலைவரின் குடும்பம் மேலவிளை. இதைச் சொல்வதால் அவரை நான் காட்டிக்கொடுத்ததாக ஆகாது. எங்கள் மாவட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஏதாவதொரு மேலவிளையில்தான் விழும்.

சட்டம் கைதட்டலோடு நிறைவேறியது. கைதட்டியவர்களில் கடைசியாக நிறுத்தியவன் நான் என்று என் மனைவி பிறகு சொன்னாள். அவள் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

விழாவன்று மழை விட்டிருந்தது. தலைவர் கொடியேற்றிவிட்டு உரிமைகளைப் பற்றிப் பேசினார். அதை அவர் வருடாவருடம் பேசுவார், நன்றாகவும் பேசுவார். இந்த ரோட்டில் நம் அப்பூப்பன்மார், தாத்தாக்கள், நடக்க முடியாமல் இருந்த காலத்தைச் சொன்னார். மேல்சாதிக்காரன் வந்தால் புதருக்குள் இறங்கி நின்றதையும், தோளில் துணி போட்டதற்காக நம் பெண்கள் அடிபட்டதையும், பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்று பாடம் கேட்டதையும் சொன்னார். அந்த இடம் வரும்போது அவர் குரல் நிஜமாகவே உடையும். எனக்கும் கண் நனையும். அவர் பேச்சை முடித்ததும் சின்னப் பிள்ளைகளின் போட்டிகளை நடத்தி, ஜெயித்தவர்களை மைக்கில் இரண்டிரண்டு தரம் கூப்பிட்டுப் பரிசு கொடுத்துவிட்டு, அதே ரோட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பெண்பிள்ளைகளுக்கான மெது சைக்கிள் போட்டியை ஆரம்பித்தோம்.

மெது சைக்கிள் என்றால், கோட்டுக்குக் கோடு எவ்வளவு மெதுவாகப் போக முடியுமோ அவ்வளவு மெதுவாகப் போக வேண்டும். கால் தரையில் பட்டால் வெளியே. கடைசியாக வந்து சேருபவர் வெற்றி. எங்கள் மன்றம் நடத்தும் போட்டிகளிலேயே எங்கள் இயல்புக்கு ஏற்றது இது ஒன்றுதான்.

மைக் பிடித்தவர் மன்றச் செயலாளர், மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர். கோட்டில் நின்ற ஒவ்வொரு பெண்ணிடமும் விளைப்பெயர் கேட்டு மைக்கில் சொல்லிக்கொண்டு வந்தார். பெரும்பாலானவர்கள் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள், அம்மாமார் மாமியாரைப் பார்த்தார்கள், அதன் பிறகு விளைப்பெயர் வந்தது. வரிசையின் ஓரத்தில் இலவச சைக்கிளோடு அந்தப் பெண் நின்றாள். செயலாளர் அவளைக் கடந்து போகப் பார்த்தார். அவள் விடவில்லை.

"எனக்கிட்ட கேக்கல்லியே மாமா."

"எந்த விளை மக்களே?" என்று, ஒற்றைப் பிள்ளையையும் மக்களே என்று கூப்பிடும் எங்கள் ஊர்ப் பழக்கதோஷத்தில் அவரும் கேட்டுவிட்டார்.

"மேலவிளையாக்கும்."

செயலாளர் மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். சுண்ணாம்புக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு அந்த நேரம் பார்த்து வந்தது. அவர் பந்தல் பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டு மேலவிளை என்று மைக்கில் சொன்னார். பந்தலுக்குள் சிறப்பு விருந்தினருக்கு இளநீர் கொடுத்துக்கொண்டிருந்த தலைவர் அதைக் கேட்டுக் கைதட்டினார். ஷார்ஜாவிலிருந்து வந்த அவருடைய பேத்தியும் போட்டியில் இருந்தாள். அவளைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

பேத்தி நல்ல பிள்ளை. தலைக்கவசம், முழங்கால் கவசம், விடுமுறைக்காக வாங்கிய கியர் சைக்கிள் எல்லாம் இருந்தும் நன்றாகவே ஓட்டினாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் காலை ஊன்றினார்கள், ஒருத்தி சைக்கிளோடு பந்தல் காலைக் கட்டிப்பிடித்தாள். கடைசியில் இரண்டு பேர்தான் ரோட்டில். பேத்தி பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினாள். அந்தப் பெண்ணோ நடுரோட்டில் சைக்கிளை நிறுத்தி வைத்தது மாதிரி நின்றாள். முன்சக்கரத்தை மட்டும் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு, பெடலில் ஒரு விரற்கடை, பிறகு இன்னொரு விரற்கடை. அவள் கால் தரையில் படவில்லை. நான் குனிந்து பார்த்தேன், அதற்காகத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். படவில்லை என்று சொன்னேன். அதைத் தைரியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், புதுக் கண்ணாடி.

தலைவர் வந்துவிட்டார்.

"இவ எப்படி மேலவிளை?"

"நீங்க வச்ச சட்டமாக்கும் சாரே," என்றார் செயலாளர். "கேட்டேன். சொன்னா."

"அது எனக்க விளை. எனக்க விளையில வேலைக்கு நிக்கியவ எனக்க பேரச் சொல்லுகதா?"

"வேலைக்கு நிக்கியது அப்பாவாக்கும் சார்," என்றாள் அந்தப் பெண். சைக்கிளை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "நான் அங்க இருக்கியேன். உங்க கிணத்திலதான் வெள்ளம் கோருகோம். ஸ்கூல்ல எனக்க பேரில இன்னொருத்தி உண்டு, அதனால டீச்சர்மாரும் என்ன மேலவிளைன்னுதான் கூப்பிடுவாவ. பின்ன நான் எந்த விளைன்னு சொல்லணும்? நீங்க சொல்லுங்க. அதச் சொல்லுகேன்."

ஊரில் இருந்த அத்தனை பட்டங்களும் அங்கேதான் நின்றன. எல்லாம் சிறப்பு விருந்தினர் பக்கம் திரும்பின.

சிறப்பு விருந்தினர் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த நியாயத்தையும் பாதியாக வெட்டி இரண்டு பேருக்கும் கொடுத்துப் பழகியவர். அவர் ஒரு யோசனை சொன்னார். முதல் பரிசு பேத்திக்கு. இந்தப் பெண்ணுக்கு தேசிய ஒருமைப்பாட்டுச் சிறப்புப் பரிசு. பேசினைவிடக் கொஞ்சம் நல்ல பொருளாகவே கொடுக்கலாம். அவருக்குப் போர்த்திய சால்வையையே எடுத்து நீட்டினார். எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. ஒருத்தரை வெளியே தள்ளும்போது போர்த்திவிட ஒரு துணி இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா.

அவள் சால்வையைத் தொடவில்லை.

"நான் விருந்தாளி இல்ல சார். ஜெயிச்சது நான். மேலவிளைன்னு கூப்பிட்டா வாறேன். இல்லேங்கில் எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

தலைவர் அவளிடம் பேசுவதை நிறுத்தினார். யாரையும் பார்க்காமல், பந்தலின் துணியைப் பார்த்துச் சொன்னார்: "ஓணம் கழியட்டும். வேற வெட்டுக்காரனப் பாக்கணும்."

அவர் சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. கைக்குழந்தையோடு ஓரத்தில் நின்ற அவளுடைய அம்மாவுக்கும் கேட்டது. அவள் வந்து மகளின் கையைப் பிடித்து இழுத்து, அவர்கள் மொழியில் வேகமாகப் பேசினாள். எனக்கு அந்த மொழி தெரியாது. கொடுத்ததை வாங்கிக்கொண்டு வா என்பதுதான் அது என்று புரிய மொழி வேண்டியதில்லை. வெட்டு போனால் மெஷின் புரை அறை போகும். அறை போனால் எந்த மலையடிவாரத்திலோ வேறு தோட்டம், வேறு பள்ளி, அநேகமாகப் பள்ளியே இல்லை. ஒரு பேசினை யார் பெயரில் கொடுப்பது என்பது இப்போது அவள் பிளஸ் டூ முடிப்பாளா என்பதில் வந்து நின்றது. பெண் அம்மாவின் கையை மெல்ல எடுத்துவிட்டாள். கண் நிறைந்திருந்தது. ஆனால் நகரவில்லை.

நியாயம் தெரிந்த யாராவது ஒருவர் இந்த இடத்தில் முன்னால் வந்து பேசியிருக்க வேண்டும் என்று வாசகர் எதிர்பார்க்கலாம். நானும் எதிர்பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

வந்தார்கள், ஆனால் வேறு திசையில். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் பொறியாளர் உண்டு. ரப்பர் வெட்டத் தெரிந்த கை ஒரு வீட்டிலும் கிடையாது. அப்பன் வெட்டுக்கத்தியோடு நடந்தால் பையனுக்குப் பெண் கிடைக்காது என்று பழைய ஆட்களையும் வீட்டில் உட்கார வைத்தாயிற்று. பட்டையில் கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனால் மரம் பாழ். அந்தப் பெண்ணின் அப்பா கை அப்படித் தவறாது என்பது பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். காலையில் எடுத்த ரப்பர் பாலைத் தட்டுகளில் உறைய ஊற்றிவிட்டு அவர் அப்போதுதான் வந்து ரோட்டோரம் நின்றிருந்தார். ஓணத்துக்குப் பிறகு அவர் காலியாகிறார் என்ற செய்தி தலைவரின் வாயிலிருந்து விழுந்த மறுநிமிடம், உள்ளூர்ச் சட்டத்துக்கு முதலில் கை தூக்கிய தமிழாசிரியர் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார்.

"நம்ம விளைக்கு வாறியா? தனி கக்கூஸ் உண்டு, கேட்டியா."

அதற்குள் குரல் பதிவு அனுப்பிய தாயின் மாமனார் மறுபக்கம் வந்துவிட்டார். அவரிடம் ஓட்டுக்கூரைக்குப் பதில் கான்கிரீட் அறை இருந்தது. இன்னொருவர் பெண்ணிடமே பேசினார்: "அடுத்த வருஷம் எங்க விளைப்பேரில ஓட்டு மக்களே, எங்களுக்குப் பெருமையாக்கும்." கொஞ்ச நேரத்துக்கு முன் ஒரு விளைக்கும் சொந்தமில்லாமல் நின்றவளுக்கு இப்போது ஊரில் பாதி விளைகள் திறந்து கிடந்தன. உரிமை வருகிற வழியைப் பற்றி நான் நிறையப் புத்தகம் படித்திருக்கிறேன். ஆள் பற்றாக்குறை என்ற வழியை யாரும் அவ்வளவு அழுத்திச் சொல்லவில்லை.

தலைவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் மனிதநேயம் மெல்லப் பரவியது. செயலாளரின் கையிலிருந்து மைக்கை அவரே வாங்கினார். முதல் பரிசு, மேலவிளை என்று சொல்லி, அவள் பெயரையும் பிசகில்லாமல் சொன்னார். அவருக்கு அந்தப் பெயர் தெரியும் என்பதே எங்களுக்குப் புதிது. பிள்ளைகளில் பேதமில்லை என்றார். இது நம் குடும்பத்துப் பிள்ளை என்றார். மன்றம் கைதட்டியது. தமிழாசிரியர் மட்டும் கொஞ்சம் வாட்டமாகத் தட்டினார்.

"அப்போ இவ எனக்குக் கசினா தாத்தா?" என்று பேத்தி நிஜமான ஆசையோடு கேட்டாள். தாத்தா மைக்கைச் சரிசெய்தார்.

பெண் மேடைக்கு வந்தாள். தலைவர் பெரிய பேசினை நீட்டினார். வீடியோவுக்காகச் சிரித்த முகம் கலையாமல், பக்கத்தில் நின்ற எனக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்: "பாலு உறைஞ்சிருக்கும். வேகம் போய் ஷீட்டு அடிக்கப் பாருங்க. கெட்டியாப் போச்சுன்னா மெஷின்ல ஏறாது."

அவள் கையை நீட்டவில்லை.

"இன்னொருக்கா சொல்லணும் சார்."

"என்னத்த?"

"மேலவிளைன்னு. காலத்தே இருந்து எல்லாருக்கும் ரெண்டு தரமாக்கும் கூப்பிட்டிய. எனக்கு ஒருக்கதான் கூப்பிட்டிய."

தலைவர் என்னைப் பார்த்தார். சுண்ணாம்புக் கோடு மேடையில் இல்லை. எனக்குப் பார்க்க வேறு இடம் கிடைக்கவில்லை. ரெண்டு தரம்தான் சார் என்றேன். அந்த வருடம் கண்ணாடியின் தயவில்லாமல் நான் வழங்கிய ஒரே தீர்ப்பு அது.

அவர் மைக்கை மறுபடியும் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். இந்தத் தடவை குரலில் குடும்பமும் இல்லை, பேதமின்மையும் இல்லை. மேலவிளை என்று மட்டும் சொல்லி, அவள் பெயரைச் சொன்னார். அவள் அது முழுதாக முடியும்வரை கேட்டுக்கொண்டு நின்றாள். அதன் பிறகுதான் பேசினை வாங்கினாள்.